எந்த அளவையால் தெரியும்? அறிவின் எல்லை, தர்க்கம், நம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணிமேகலையைச் சேர்ந்து வாசிக்கும் சின்னக் கூட்டம் ஒன்றில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். இருபத்தேழாவது காதையான ‘சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதை’க்கு வரும்போதெல்லாம் வாசிப்பு நின்று பேச்சு தொடங்கிவிடும். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அளவை என்றால் என்ன?

நெல்லை மரக்காலால் அளக்கிறோம், பாலை உழக்கால் அளக்கிறோம். ‘எனக்குத் தெரியும்’ என்று ஒருவர் சொன்னால் அதை எதைக் கொண்டு அளப்பது? அந்தக் கருவிக்குத்தான் அளவை என்று பெயர். வடமொழியில் பிரமாணம். கோர்ட்டில் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில் இருப்பதும் இதே சொல்தான். அனுமானம், ஆப்த நண்பர், விதண்டாவாதம் என்று நாம் தினமும் புழங்கும் சொற்களும் இந்தத் தத்துவச் சண்டைகளுக்குள் வளர்ந்தவை.

பொதுவாகச் சொல்லப்படும் அளவைகள் ஆறு. கண்ணாலும் மற்றப் புலன்களாலும் அறிவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை அறிவது கருதல், அதாவது அனுமானம். தெரிந்தவர் சொல்லி அறிவது உரை. ஒன்றைப் போல மற்றொன்று என்று அறிவது உவமை. பகலில் சாப்பிடாதவன் கொழுத்திருக்கிறான் என்றால் இரவில் சாப்பிடுகிறான் என்று கொள்வது அருத்தாபத்தி. இல்லாததை இல்லை என்று அறிவது அபாவம்.

இவற்றில் எத்தனையை ஏற்பது என்பதில்தான் சமயங்கள் பிரிகின்றன. கண்ட உலகம் மட்டுமே உண்டு என்ற உலோகாயதர் காட்சி ஒன்றையே ஏற்றார்கள். பௌத்த தர்க்கவாதிகள் இரண்டு, சாங்கியர் மூன்று, தர்க்கத்தையே தொழிலாகக் கொண்ட நையாயிகர் நான்கு, வேத வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகரில் குமாரிலரின் வழிவந்தவர்கள் ஆறு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் எழுதிய அருணந்தி சிவாச்சாரியார் எல்லா எண்ணிக்கையையும் சொல்லிவிட்டு, அத்தனையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்று முடித்தார். கடவுளைப் பாட வந்த நூல் ‘நீ எப்படி அறிகிறாய்?’ என்ற கேள்வியில் தொடங்குவதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பினால் போதாதா?

இந்தக் கேள்வியை மணிமேகலையிலேயே ஒருவர் கேட்கிறார். வஞ்சி மாநகரில் மாதவன், அதாவது தவமுனிவன், வடிவம் கொண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் ‘உன் கொள்கையைச் சொல்’ என்று கேட்டுக்கொண்டு வருகிறாள் மணிமேகலை. கடைசியாக வருபவர் பூதவாதி. பூவும் வெல்லக்கட்டியும் மற்றதும் கூடினால் கள்ளின் வெறி பிறப்பது போல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். கண்கூடாகக் காண்பதைத் தவிர வேறு அளவை இல்லை. மறுபிறப்பும் இல்லை.

முற்பிறப்பை அறிந்தவர்கள் உண்டே என்று அவள் சிரிக்கிறாள். தெய்வ மயக்கமும் கனவும் அப்படித் தோன்றச் செய்யும், அதை நம்புவதற்கில்லை என்கிறார் அவர். அதற்கு அவள் கேட்பது:

“தந்தை தாயரை அனுமானத்தால் அலது / இந்த ஞாலத்து எவ்வகை அறிவாய்?”

உன் அப்பா அம்மா யார் என்று உனக்கு எப்படித் தெரியும்? நீ பிறந்ததை நீ பார்த்து வைத்திருக்கிறாயா?

இதைப் படிக்கும்போது எனக்கு என் பிறந்த நாள் ஞாபகம் வரும். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதம் முதல் தேதி. சேர்க்கும்போது வயது சரியாக வரட்டும் என்று வாத்தியார் எழுதிய தேதி அது. என் வகுப்பில் பாதிப் பேர் ஜூனில்தான் பிறந்திருந்தோம். அம்மாவைக் கேட்டால், “ஐப்பசி மாசம்டா. விடாத மழை. கிணறு வாய்வரைக்கும் வந்துடுச்சு, கையாலேயே மோந்தாங்க” என்பாள். மருத்துவச்சி முழங்கால் தண்ணீரில் வந்ததைப் பெரியம்மா தனியாகச் சொல்லியிருக்கிறாள். நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் எனக்கு எதுவும் தெரியாது. என் வாழ்க்கையின் முதல் செய்தியே காட்சிக்கு வெளியே இருக்கிறது. அம்மாவின் உரை ஒரு பக்கம், சான்றிதழின் உரை இன்னொரு பக்கம். பெரியம்மா சொன்ன மழையும் அம்மா சொன்ன மழையும் ஒத்துப்போவதால் ஐப்பசிதான் என்று கருதுகிறேன். உரையும் கருதலும் சேர்ந்துதான் எனக்கு ஒரு பிறந்த மாதத்தைக் கொடுத்தன.

ஆகவே காட்சி மட்டும் போதாது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணிமேகலையின் பதில் ‘காட்சி ஒன்றே அளவை’ என்ற கொள்கையை உடைக்கிறதே தவிர, முற்பிறப்பு உண்டு என்று காட்டிவிடவில்லை. பூதவாதி எழுப்பிய சந்தேகம் அந்த இடத்தில் நியாயமாகவே நிற்கிறது. எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம்தான். எனக்கோ, எதிராளிக்கு இவ்வளவு நல்ல வாதத்தைக் கொடுத்த சாத்தனார்மேல் மதிப்பு கூடுகிறது.

அனுமானமாவது உறுதியானதா?

‘இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, புகை இருப்பதால், அடுக்களையைப் போல.’ காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொல்லிக்கொடுக்கும் எடுத்துக்காட்டு இது. உலோகாயதர் மடக்குவது இந்த இடத்தில்தான்: நீ எத்தனை அடுக்களை பார்த்தாய்? நேற்றைய புகையும் இன்றைய புகையும் கண்டாய், சரி. நாளைய புகையையும், காணாத ஊர்ப் புகையையும் யார் கண்டது? எங்கெல்லாம் புகையோ அங்கெல்லாம் நெருப்பு என்ற பொது விதியைக் காட்சி தராது. அனுமானத்தால் அதை நிறுவப் போனால், அந்த அனுமானத்துக்கு இன்னொரு விதி வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தத்துவவாதி டேவிட் ஹ்யூம் எழுப்பியதும் ஏறக்குறைய இதே சிக்கல்தான். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்குத் தர்க்கத்தில் ஆதாரம் இல்லை, பழக்கம்தான் நம்மை அப்படி எதிர்பார்க்க வைக்கிறது என்றார்.

மிதிலையைச் சேர்ந்த நையாயிகர் உதயணர் இதற்குச் சொன்ன பதில் எனக்குப் பிடிக்கும். சந்தேகத்துக்கும் ஒரு கரை உண்டு, உன் செயலோடு அது முரண்படும் இடம்தான் அந்தக் கரை என்றார். பசித்தால் சோற்றைத் தேடுகிறாய், புகை வேண்டுமானால் நெருப்பை மூட்டுகிறாய். வாய் சந்தேகப்படுவதைக் கை சந்தேகப்படவில்லையே. இதனால் உலோகாயதரின் கேள்வி தீர்ந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேள்வி அப்படியே இருக்க, நாம் அடுப்பு மூட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

பார்க்கவில்லை என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?

எல்லா இடத்திலும் இல்லை. ஆணியில் சாவி மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். வெளிச்சம் இருக்கிறது, கண் தெரிகிறது, ஆணி எதிரே இருக்கிறது. சாவி தென்படவில்லை. உடனே ‘சாவி இல்லை’ என்று உறுதியாகச் சொல்லலாம். ஏன்? இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அதே கண்ணால் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரைப் பார்த்துவிட்டு ‘கிருமி இல்லை’ என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பட்டிருக்காது. மீமாம்சகர் இந்த நிபந்தனையைத் தெளிவாகப் போட்டார்கள்: காணத்தக்க ஒன்றைக் காணாதபோதுதான் அது இல்லை என்பது அறிவாகும்.

‘கடவுளைப் பார்த்ததில்லை, ஆகவே இல்லை’ என்ற வாதம் இங்கே தடுக்கிறது. கண்ணுக்கு அகப்படாதவர் என்று சொல்லப்படும் ஒருவரைக் கண்ணுக்குத் தெரியவில்லை என்று மறுக்க முடியாது. ஆனால் ஒரு பாதை அடைபட்டதால் எதிர்ப் பாதை திறந்துவிட்டது என்று நம்புகிறவர்கள் எண்ணக் கூடாது. காணாமை இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. இன்னொன்று: ‘இந்தத் தாயத்தைக் கட்டினால் காய்ச்சல் வராது’ என்று ஒருவர் சொன்னால் அவர் காணத்தக்கவற்றின் எல்லைக்குள் வந்துவிட்டார். கட்டிய பிறகும் காய்ச்சல் வந்தால் அந்தப் பேச்சு பொய்த்துப்போயிற்று. அப்போது ‘இதெல்லாம் அறிவுக்கு அப்பாற்பட்டது’ என்று ஒதுங்குவது முறை இல்லை.

அடுத்தவர் சொன்னதை நம்புவது எப்படி அறிவாகும்? அறிவியலும் நம்பிக்கைதானே?

சூரியன் ஏறக்குறைய 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நான் அளந்ததில்லை, நீங்களும் அளந்திருக்க மாட்டீர்கள். நமக்குத் தெரிந்தவற்றில் பெரும் பகுதி உரைதான். ஆகவே உரையை நம்பலாமா என்று கேட்டுப் பயனில்லை. யாருடைய உரையை நம்பலாம் என்பதே கேள்வி.

நையாயிகரின் மூல நூலான நியாய சூத்திரம், ஆப்தனுடைய சொல் அளவை என்கிறது. ஆப்தன் யார்? உரை எழுதிய வாத்ஸ்யாயனர் விளக்குகிறார்: விஷயத்தை நேராக அறிந்தவன், அறிந்ததை அறிந்தபடியே சொல்ல விரும்புகிறவன். அப்புறம் அவர் சேர்க்கும் ஒரு குறிப்பைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் அந்நியனான மிலேச்சனுக்கும் ஒன்றே என்கிறார். வழிகேட்டால், அந்த ஊர்க்காரன் யாராக இருந்தாலும் அவன் பேச்சுதான் செல்லும்.

அறிவியலாளர் பேச்சும் உரைதான். ஆனால் அவர் எப்படி அளந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார், இன்னொருவர் போய் அளந்து பார்க்கலாம், தவறென்றால் திருத்தலாம். சரிபார்க்கும் வழியோடு வரும் உரையையும், ‘நம்பு, கேள்வி கேட்காதே’ என்று வரும் உரையையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மை ஆகாது. வாட்ஸ்அப்பில் வரும் ‘ஒரு பெரிய டாக்டர் சொன்னது’ என்ற செய்தியில் ஆப்தனே இல்லை. யார் கண்டார், யார் சொன்னார் என்பது இல்லாமல் வெறும் சொல் மட்டும் ஊர் சுற்றுகிறது.

வேதத்தை ஏன் நம்ப வேண்டும் என்பதற்கு நையாயிகர் சொன்ன காரணமும் இதைச் சார்ந்ததுதான். மருத்துவ நூலில் சொன்னது பலிக்கிறது, அதைப் போல இதையும் கொள்ளலாம் என்றார்கள். எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. காய்ச்சலைச் சரியாகக் கணிக்கும் வைத்தியர் மறுமையைப் பற்றியும் சரியாகத்தான் சொல்வார் என்று கொள்ளும்போது ஒரு பெரிய ஓடையைத் தாண்டுகிறோம். தாண்டுகிறோம் என்று தெரிந்து தாண்டினால் அதை நம்பிக்கை என்று சொல்லலாம்.

தர்க்கத்தால் கடவுளை நிரூபிக்க முடியுமா?

முடியும் என்று உதயணர் ஒரு முழு நூலே எழுதினார். குடத்தைச் செய்யக் குயவன் வேண்டும், உலகமும் செய்யப்பட்ட பொருள், ஆகவே செய்தவன் உண்டு என்ற வழி. நம் மெய்கண்டாரின் சிவஞானபோதம் முதல் சூத்திரமே, ‘அவன் அவள் அது’ என்று சுட்டப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குவதிலிருந்து இறைவனைக் கருதி அறிகிறது.

முடியாது என்று மிக வலுவாக வாதிட்டவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசர். அவர் பக்தியை யாரும் சந்தேகிக்க முடியாது. ஆனால் பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், சாஸ்திரமே ஆதாரம் என்ற சூத்திரத்துக்கு உரை சொல்லும்போது, அனுமானத்தால் கடவுளை நிறுவும் வாதத்தை ஒவ்வொரு கல்லாகக் கழற்றுகிறார். உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே ஒருவரால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம்? பெரிய கட்டடத்தைப் பல பேர் சேர்ந்து கட்டுகிறார்களே. நாம் கண்ட குயவன் உடம்போடு இருக்கிறான், அவனுக்குத் தெரிந்ததும் செய்ய முடிந்ததும் கொஞ்சம்தான். குயவனை வைத்து அனுமானித்தால் குயவனைப் போன்ற ஒருவர்தான் கிடைப்பார், எல்லாம் அறிந்த பரம்பொருள் கிடைக்காது.

1779-ல், ஹ்யூம் இறந்து மூன்று வருடம் கழித்து வெளிவந்த அவருடைய உரையாடல் நூலிலும் இதே நடை இருக்கிறது. ஒரு வீட்டையும் கப்பலையும் பலர் சேர்ந்து கட்டுகிறார்களே, உலகத்தையும் பல தெய்வங்கள் சேர்ந்து ஆக்கியிருக்கக் கூடாதா என்று ஒரு பாத்திரம் கேட்கிறது. சமயத்தைச் சந்தேகித்தவரும் திருமாலுக்கே தன்னைக் கொடுத்தவரும், ஏழு நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த இடைவெளியில், ஒரே ஓட்டையில் விரல் வைத்திருக்கிறார்கள்.

இதனால்தான் ‘பகுத்தறிவா, நம்பிக்கையா’ என்று உலகத்தை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒட்டுவதில்லை. இராமானுசர் எந்தப் பக்கம்? வேதத்தை உயிராகப் பிடித்துக்கொண்டு, உலகைப் படைத்த கடவுள் வேண்டாம் என்று மறுத்த குமாரிலர் எந்தப் பக்கம்? தர்க்கத்தின் எல்லையைக் கறாராக வரைந்தவர்களில் நம்பிக்கையாளர்கள் நிறையப் பேர்.

காண்ட் என்ன சொன்னார்?

இமானுவேல் காண்ட் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் வாழ்ந்த தத்துவவாதி. 1781-ல் வந்த அவருடைய பெரிய நூல், மனித அறிவுக்கு ஒரு விசித்திர விதி உண்டு என்று தொடங்குகிறது: ஒதுக்கித் தள்ள முடியாத கேள்விகள் அதை நச்சரிக்கின்றன, அவற்றுக்குப் பதில் சொல்லவும் அதனால் முடியவில்லை. உலகத்துக்குக் காலத்தில் தொடக்கம் உண்டா? உண்டு என்றும் வாதிக்கலாம், இல்லை என்றும் அதே வலுவோடு வாதிக்கலாம். இப்படி நான்கு ஜோடிகளை எதிரெதிரே நிறுத்திக் காட்டினார். அனுபவத்துக்குள் வேலை செய்யும் அறிவை அனுபவத்துக்கு வெளியே ஓட்டினால் இப்படித்தான் ஆகும் என்பது அவர் முடிவு.

காற்றைக் கிழித்துப் பறக்கும் புறா, காற்றே இல்லாவிட்டால் இன்னும் எளிதாகப் பறக்கலாமே என்று நினைக்குமாம். அவர் சொன்ன உவமைதான். அந்தக் காற்றுதான் சிறகைத் தாங்குகிறது என்று புறாவுக்குத் தெரியாது.

1787-ல் வந்த இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், நம்பிக்கைக்கு இடம் வைப்பதற்காக அறிவை விலக்க வேண்டியிருந்தது என்று எழுதினார். இதை எடுத்துக்கொண்டு ‘காண்ட் மதத்தின் பக்கம்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் விட்டுவைத்தது ஒழுக்கத்தில் வேர்கொண்ட நம்பிக்கைக்கு மட்டும்தான். கடவுள் உண்டு என்பதற்கான பழைய நிரூபணங்களை அவரும் ஒவ்வொன்றாக மறுத்தார். 1794-ல் மன்னர் இரண்டாம் பிரெடரிக் வில்லியம் பெயரில், சமயத்தைப் பற்றி அவர் எழுதியதைக் கண்டித்து உத்தரவு வந்தது. மன்னர் இருந்தவரை அந்தப் பொருளில் வாய் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார். 1797-ல் மன்னர் இறந்தார், மறுவருடமே காண்ட் மீண்டும் எழுதினார்.

கணிதத்திலேயே எல்லை உண்டு என்று கோடல் நிரூபித்துவிட்டாரே, அப்படியானால் நம்பிக்கைதானே வழி?

இல்லை. 1931-ல் தர்க்கவியலாளர் குர்ட் கோடல் காட்டியது, எண்கணிதத்தைத் தாங்கும் அளவுக்கு வலுவான, முரண் இல்லாத, விதிகளைத் தெளிவாக வரிசைப்படுத்திய எந்த அமைப்பிலும், அதற்குள்ளேயே நிரூபிக்கவும் மறுக்கவும் முடியாத வாக்கியங்கள் இருக்கும் என்பது. மிகப் பெரிய கண்டுபிடிப்பு, ஆனால் அது பேசுவது அத்தகைய அமைப்புகளைப் பற்றி. இதிலிருந்து ஜோதிடம் மெய் என்றோ கடவுள் உண்டு, இல்லை என்றோ எதுவும் வராது.

பதில் தெரியாத கேள்விகளைப் புத்தர் ஏன் ஒதுக்கினார்?

உலகம் என்றும் உள்ளதா, முடிவுள்ளதா என்று கேட்டு, பதில் சொல்லாவிட்டால் துறவை விட்டுப் போவேன் என்றார் மாலுங்கியபுத்தர் என்ற சீடர். விஷ அம்பு தைத்தவன், எய்தவன் எந்தக் குலம், வில் எந்த மரம் என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்றால் என்ன ஆவான் என்று புத்தர் கேட்டார். அந்தக் கேள்விகளுக்கு விடை கிடைப்பது துன்பத்தை நீக்க உதவாது, அதனால் சொல்லவில்லை என்றார்.

விவாதத்தில் ஜெயித்தால் உண்மை நம் பக்கம் என்றுதானே பொருள்?

நியாய நூல்கள் பேச்சை மூன்றாகப் பிரித்தன. உண்மையை அறிய இருவரும் பேசுவது வாதம். ஜெயிப்பதற்காக எந்த உத்தியும் கையாள்வது ஜல்பம். தனக்கென்று ஒரு நிலை இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டை. நம் ஊர் விதண்டாவாதம் அங்கிருந்து வந்ததுதான்.

தாயுமானவர் தன்னைப் பற்றியே ஒரு பாட்டில் இதைப் போட்டு உடைக்கிறார். ஞானம் பெரிது என்று ஒருவர் வந்தால் கர்மமே முக்கியம் என்பேன். கர்மம் என்று வந்தால் ஞானம் என்பேன். வடமொழி வல்லவர் வந்தால் தமிழில் எல்லாம் இருக்கிறது என்பேன், தமிழறிஞர் வந்தால் வடமொழி வசனம் கொஞ்சம் எடுத்துவிடுவேன். இப்படி எல்லோரையும் மருட்டும் வித்தை எனக்கு முக்தி தருமா என்று கேட்கிறார். வாதத் திறமை மிக்க ஒருவர் தன் திறமையைப் பார்த்துப் பயந்து எழுதிய வரிகள் இவை. நானும் கூட்டத்தில் சில நாள் ஜெயித்துவிட்டு வந்து, வீட்டில் இந்தப் பாட்டை எடுத்திருக்கிறேன்.

நீங்கள் நம்புகிறவரா, இல்லையா?

நம்புகிறேன். எந்த அளவையால் என்று கேட்டால் மறைக்க ஒன்றும் இல்லை: உரை. அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டாள், பக்கத்தில் நின்று நானும் கும்பிட்டேன். அவள் பொய் சொல்லி நான் கண்டதில்லை. கிணறு நிரம்பிய கதையைப் பெரியம்மாவிடம் கேட்டுச் சரிபார்த்ததைப் போல இதைச் சரிபார்க்க எனக்கு வழி தெரியவில்லை. அதனால் இதை அறிவு என்று சொல்லிக்கொள்வதில்லை, நம்பாதவரிடம் நிரூபணமாக நீட்டுவதும் இல்லை. எங்கள் கூட்டத்தில் பூதவாதியின் வரிகளை வாய்விட்டு வாசிப்பவர் கடவுள் மறுப்பாளர். அந்தப் பகுதி வந்ததும் புத்தகத்தை நான்தான் அவர் பக்கம் தள்ளுவேன்.